நாயின் மேல் உண்ணி: எடுக்கும் முறையும், எடுத்த பிறகு செய்ய வேண்டியதும்



குடும்ப நலத் துண்டுப் பிரசுரத்தில் நாயைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். தாய்ப்பால், தடுப்பூசி, பிரசவ இடைவெளி என்று எழுதுகிற இடத்தில் நாய் உண்ணிக்கு என்ன வேலை? வேலை இருக்கிறது. ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் வங்கனூர், அம்மையார்குப்பம் என்று எந்த ஊருக்குப் போனாலும் திண்ணையில் ஒரு நாய் படுத்திருக்கும். அதே திண்ணையில் கைக்குழந்தை தவழும். பகலில் நாய் தறிக்குழியின் குளிர்ச்சியைத் தேடிப் போய் முடங்கும். இரவில் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் படுக்கும். நாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நாலு விரல் தூரம்கூட இருப்பதில்லை. நாயின் காதில் இருக்கிற உண்ணிக்கு அந்தத் தூரம் பெரிதல்ல.

“உண்ணிதானே, இன்னா பெரிசா செஞ்சிடப் போவுது? நாய்னு இருந்தா உண்ணி இல்லாமலா இருக்கும்?” என்று முகாமுக்கு வருகிற பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்ணி உள்ள நாய்கள் எல்லாம் நோயில் விழுவதில்லை என்பது உண்மைதான். அதனால்தான் நாம் அலட்சியமாக இருக்கிறோம். கையால் பிடுங்குகிறோம், நகத்தால் நசுக்குகிறோம், பீடி நெருப்பால் சுடுகிறோம். ஆபத்து பெரும்பாலும் உண்ணியை எடுக்கிற இந்த முறையில்தான் இருக்கிறது. சரியான முறைக்குச் செலவு ஒன்றுமில்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

உண்ணி என்பது எது?

நம் ஊர் நாய்களில் அதிகம் காண்பது பழுப்பு நாய் உண்ணி. தெலுங்கு பேசும் வீடுகளில் பிடுது என்பார்கள். அது பேனும் அல்ல, தெள்ளுப்பூச்சியும் அல்ல. பேனுக்கும் தெள்ளுக்கும் ஆறு கால். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். சிலந்தி, தேள் வகையறாவைச் சேர்ந்தது. பசியோடு இருக்கும்போது எள்ளைப் போலத் தட்டையாக இருக்கும். பெண் உண்ணி ஒரு வாரம் போல ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்தால் சாம்பல் நிறத்தில் உப்பி ஆமணக்குக் கொட்டை போல ஆகிவிடும். வேலியோரம் வளர்கிற உண்ணிச்செடிக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு. அந்தச் செடியை வெட்டினால் உண்ணி ஒழிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பழுப்பு நாய் உண்ணி பெரும்பாலும் காட்டில் இருப்பதல்ல, நம் வீட்டில் இருப்பது.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயின் மேலிருந்து கீழே விழும். விழுந்ததும் சுவர் வெடிப்பு, கதவு நிலையின் சந்து, கட்டில் கயிற்றின் முடிச்சு, கூரைக் கீற்று என்று மறைவிடம் தேடி ஏறும். அங்கே 1,000 முதல் 4,000 முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். சில வாரங்களில் முட்டை பொரித்துக் கடுகைவிடச் சிறிய ஆறுகால் குஞ்சுகள் வரும். அவை நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு இறங்கித் தோல் உரித்து எட்டுக்கால் குட்டிகளாகும். மறுபடி ஏறும், இறங்கும், உரிக்கும், பெரிதாகும். ஆக, ஒரே உண்ணி தன் ஆயுளில் மூன்று முறை நாயின் மேல் ஏறுகிறது. மற்ற நாளெல்லாம் நம் சுவரில்தான் குடியிருக்கிறது. நாய் கிடைக்காவிட்டாலும் பல மாதம் பட்டினியாகக் கிடந்து உயிரோடு இருக்கும். நாயின் மேல் நீங்கள் பத்து உண்ணி பார்த்தால், பார்க்காதவை அதைவிட அதிகம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

நாய்க்கு வரும் கெடுதி

உண்ணி இரத்தம் குடிப்பதோடு விடுவதில்லை. குடிக்கும்போது தன் எச்சிலை உள்ளே விடுகிறது. அந்த எச்சிலில் நோய்க்கிருமி இருந்தால் அதுவும் சேர்ந்து போகிறது. இந்த விஷயத்தில் நம் சென்னைக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. அங்கே வேட்டைக்கு வைத்திருந்த நாய்களின் இரத்தத்தைப் பரிசோதித்த பாட்டன் என்ற மருத்துவ அதிகாரி, சிவப்பணுக்களுக்குள் இருந்து அவற்றை அழிக்கும் ஒரு நுண்ணுயிரைக் கண்டு 1910ல் எழுதினார். பிறகு நரியின் இரத்தத்திலும் அது இருந்தது. இன்றைக்கும் உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் அறிந்திருக்கிற ‘பபேசியா கிப்சோனி’ என்பது அதுதான். உண்ணியால் பரவுவது. இதல்லாமல் ‘எர்லிக்கியா’ என்ற கிருமியும் உண்டு. அது வெள்ளை அணுக்களைத் தாக்கும், இரத்தம் உறைவதைக் கெடுக்கும்.

நாய் இரண்டு நாள் சோறு தொடவில்லை, உடம்பு சுடுகிறது, ஈறு வெளுத்துக் கிடக்கிறது, மூத்திரம் டீத்தண்ணீர் நிறத்தில் போகிறது, மூக்கில் இரத்தம் வடிகிறது, வயிற்றுத் தோலில் கன்றிய புள்ளிகள் தெரிகின்றன: இவற்றில் எது இருந்தாலும் “சூடு பிடிச்சிருக்கு, மோர் ஊத்து” என்று நாளைக் கடத்தக்கூடாது. அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தாலே பல சமயம் தெரிந்துவிடும். மருந்தும் இருக்கிறது. நாய்க்குட்டிகளுக்கு நோய்க்கிருமிகூட வேண்டாம். உண்ணி நிறைய ஏறினாலே இரத்தம் வற்றிச் சாகும்.

மனிதருக்கு வரும் கெடுதி

பழுப்பு நாய் உண்ணிக்குப் பிடித்தது நாயின் இரத்தம்தான். ஆனால் வீட்டில் உண்ணி பெருகிவிட்டால், அல்லது நாய் செத்துப்போய் உண்ணிகள் பட்டினி கிடந்தால், மனிதரையும் கடிக்கும். அதிலிருந்து ஒரு காய்ச்சல் வரலாம். இந்திய உண்ணி டைபஸ் என்று பெயர். மெகா என்ற மருத்துவ அதிகாரி, உண்ணியால் பரவக்கூடும் என்று இப்படி ஒரு காய்ச்சலைப் பற்றி 1921லேயே எழுதியிருக்கிறார். புதிதாக வந்தது ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பத்திரிகைகளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று படிக்கிறீர்களே, அது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் என்ற வேறு காய்ச்சல். 2025 தொடக்கத்தில் மாநிலப் பொது சுகாதாரத் துறை எச்சரித்தது அதைப் பற்றித்தான். நம் திருவள்ளூர் மாவட்டத்தின் பெயரும் அதில் வந்தது. ஆனால் அந்தக் காய்ச்சலைத் தருவது நாயின் மேல் இருக்கும் உண்ணி அல்ல. புதரிலும் புல்லிலும் எலி நடமாடும் இடத்திலும் இருக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு. கடித்த இடத்தில் பீடியால் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு ஒன்று, பெரும்பாலும் அக்குளிலோ தொடை இடுக்கிலோ இருக்கும். நாய் உண்ணி தரும் காய்ச்சலில் அந்தப் பொருக்கு அநேகமாக இருக்காது. இரண்டும் ஒரே குடும்பத்துக் கிருமிகளால் வருவதால், டாக்டர் கொடுக்கும் மருந்து ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். எனவே “எங்க வீட்ல நாயே இல்ல, உண்ணிக் காய்ச்சல் எப்படி வரும்?” என்பதும் தவறு. “நாயை விரட்டிட்டா அந்தக் காய்ச்சல் வராது” என்பதும் தவறு.

கர்நாடக மாநிலம் சிமோகா மாவட்டத்தில் 1957ல் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறிந்த கியாசனூர் காட்டுக் காய்ச்சலும் உண்ணியால் வருவதுதான். ஆனால் அது காட்டு உண்ணி. ஊர் நாயைப் பார்த்து அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

எடுக்கும் முறை

இது தம்பதியர் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒருவர் பிடிக்க, ஒருவர் எடுக்க வேண்டும். தனியாகச் செய்தால் நாய் துள்ளும்; துள்ளினால் உண்ணி அறுந்துபோகும், அல்லது நாய் கடித்துவிடும். வீட்டம்மா கர்ப்பிணியாக இருந்தால் இந்த வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். கணவரும் மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ சேர்ந்து செய்யட்டும். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். உண்ணி பிடுங்குவது அவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றும்.

முதலில் சாமான்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலில் முள் குத்தினால் எடுப்போமே, அந்த முள்வாங்கி போதும். முனை கூர்மையாக, இரண்டு முனையும் சரியாகச் சேர்கிறதாக இருக்க வேண்டும். புருவம் திருத்துகிற பட்டை முனைச் சாமணம் உண்ணியின் வயிற்றை நசுக்கிவிடும், அது வேண்டாம். மூடி உள்ள காலி இருமல் மருந்துப் பாட்டிலில் பாதியளவு ஸ்பிரிட், அது கிடைக்காவிட்டால் கெட்டியான சோப்புத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கைக்கு உறை வேண்டும். இல்லையென்றால் கழுவிக் காயவைத்த பால் கவரை விரல்களில் மாட்டிக்கொள்ளலாம். டெட்டாலும் பஞ்சும் பக்கத்தில் இருக்கட்டும். நல்ல வெளிச்சம் வேண்டும், காலை வெயில் உத்தமம்.

நாயை அதற்குப் பழக்கமானவர் கழுத்தோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். கோபக்கார நாயானால் மெத்தென்ற துணியால் வாயைச் சிறிது நேரம் கட்டலாம். மூச்சு இரைக்கிற நாய்க்கும் வாந்தி எடுக்கிற நாய்க்கும் வாய்க்கட்டுப் போடக்கூடாது. பழக்கமில்லாத தெரு நாய்க்கு இரக்கப்பட்டு உண்ணி எடுக்கப் போகாதீர்கள்.

காதுக்குள், காதின் பின்புறம், கண்ணைச் சுற்றி, கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி, கால் விரல்களுக்கு நடுவில் தேடுங்கள். விரல் இடுக்கைப் பலரும் பார்ப்பதே இல்லை. நாய் ஓயாமல் பாதத்தை நக்கினால் முதலில் அங்கே பாருங்கள். இன்னொன்று: தடவும்போது தட்டுப்படுவதெல்லாம் உண்ணி அல்ல. மருவாக இருக்கலாம், முலைக்காம்பாகவும் இருக்கலாம். கடுவன் நாய்க்கும் முலைக்காம்பு உண்டு. அதை உண்ணி என்று இழுத்து நாயைக் கதறவைத்தவர்கள் இருக்கிறார்கள். மயிரை விலக்கி, தோலோரத்தில் கால்கள் தெரிகிறதா என்று பார்த்த பிறகே முள்வாங்கியை வையுங்கள்.

இப்போது எடுக்கலாம். மயிரை இரு பக்கமும் ஒதுக்குங்கள். முள்வாங்கியின் முனையைத் தோலோடு தோலாக வைத்து, உண்ணியின் வாய் தோலில் இறங்குகிற இடத்தைப் பிடியுங்கள். உப்பிய வயிற்றைப் பிடிக்கவே கூடாது. வயிறு என்பது நோய்க்கிருமி நிறைந்த பை. அதை அழுத்தினால் உள்ளே இருப்பது நாயின் உடம்புக்குள் போகும், அல்லது உடைந்து உங்கள் மேல் தெறிக்கும். வாயருகே பிடித்தபின் நேராக மேல்நோக்கி, ஒரே சீராக, மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று பிடுங்காதீர்கள். திருகாதீர்கள். தோல் கொஞ்சம் கூடாரம் போல எழும்பும். அப்படியே சில விநாடி இழுத்த நிலையில் நிறுத்தினால் உண்ணி தானே விட்டுக்கொடுக்கும். அதன் வாயில் பின்னோக்கி வளைந்த பற்கள் இருக்கின்றன. எச்சிலும் சிமெண்டு போல இறுகிப் பிடித்திருக்கிறது. அதனால்தான் அவசரம் உதவாது.

முள்வாங்கி இல்லாதபோது நெசவாளர் வீட்டில் தறி நூல் இருக்குமே, அதையே பயன்படுத்தலாம். பருத்தி நூலை இரட்டையாக எடுத்துச் சுருக்குப் போட்டு, உண்ணியின் வாயடியில் தோலை ஒட்டி இறுக்கி, இரண்டு முனையையும் சேர்த்து மெதுவாக மேலே இழுத்தால் வந்துவிடும். கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். வெறும் விரலால் பிடுங்குவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

வந்த உண்ணியை நேராகப் பாட்டிலுக்குள் போட்டு மூடுங்கள். மறுநாள் வரை அதில் கிடக்கட்டும். பிறகு மண்ணில் புதைக்கலாம் அல்லது கழிப்பறையில் கொட்டலாம். உயிரோடு வாசலில் வீசினால், அது முட்டையிடத் தேடிக்கொண்டிருந்த வேலையை நீங்களே முடித்துக் கொடுத்ததாக ஆகும். எடுத்த இடத்தில் டெட்டால் கலந்த தண்ணீர்ப் பஞ்சால் துடையுங்கள். நாயின் கண் பக்கம் வேண்டாம், அங்கே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் போதும். பிறகு முள்வாங்கியைச் சோப்பால் கழுவி ஸ்பிரிட்டில் துடைத்து, உங்கள் கையையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த இடத்தில் சிறு கடலை போல வீக்கம் சில நாள் இருந்து தானே வடியும்.

உண்ணியின் வாய் மட்டும் அறுந்து கருப்புப் புள்ளியாக உள்ளே நின்றுவிட்டால் ஊசியும் ஊக்கும் எடுத்துக் குடையாதீர்கள். வருகிறதை முள்வாங்கியால் எடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். தோலே அதை வெளியே தள்ளிவிடும். சீழ் பிடித்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். பத்து இருபது என்றால் கையால் எடுக்கலாம். காது நிறைய, உடம்பு நிறைய அப்பிக்கிடந்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி நாயைப் புண்ணாக்காமல் கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துப் போவதே நல்லது. அங்கே கொடுக்கிற மருந்தில் தானே செத்து உதிரும்.

செய்யக்கூடாதவை

பீடி நெருப்பு, ஊதுவத்தி, தீக்குச்சி எதையும் உண்ணியின் மேல் வைக்காதீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், சுண்ணாம்பு, புகையிலைச் சாறு, நகப்பூச்சு தடவுவதும் கூடாது. “தடவினா மூச்சு முட்டித் தானா விட்டுடும்” என்பார்கள். உண்ணி மூச்சு விடுவது மிகக் குறைவு. எண்ணெயில் மூடினாலும் பல மணி நேரம் ஒட்டியபடியே இருக்கும். அந்த நேரமெல்லாம் எச்சில் உள்ளே போய்க்கொண்டிருக்கும். சூட்டிலும் எரிச்சலிலும் தவித்து வயிற்றில் இருப்பதையே உள்ளே விடவும் கூடும். மண்ணெண்ணெய் பட்டால் நாயின் தோல் வெந்துபோகும், நக்கினால் குடலும் நுரையீரலும் கெடும். வேப்பெண்ணெய் தடவுவது பாதகமில்லை. அது ஓரளவு விரட்டும். ஒட்டியதை எடுக்காது.

இதைவிட முக்கியமான ஒன்றைத் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குப் பேன் குத்துகிற பழக்கத்தில், உண்ணியையும் இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்குகிறீர்கள். ‘பட்’ என்று வெடித்தால் ஒரு திருப்தி. அந்த இரத்தம் விரலில் இருக்கும் சிறு கீறல் வழியாகவோ, அதே கையால் கண்ணைத் துடைத்தால் கண் வழியாகவோ உடம்புக்குள் போகலாம். உண்ணி கடிக்காமலே உண்ணிக் கிருமி ஒருவருக்கு வருவதற்கு இது ஒரு வழி. கல்லில் வைத்துச் செருப்பால் தேய்ப்பதும் அப்படித்தான், தெறிக்கும். பாட்டிலில் போடுங்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தை நாயின் மேல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேர்க்கடலைக்கும் நெல்லுக்கும் வாங்கி வைத்தது மீதி இருக்கிறதே என்று எடுத்துவிடுகிறார்கள். நாய் வாயில் நுரை தள்ளி வெட்டி இழுத்துச் சாகும். அதைக் கட்டிப் பிடித்த பிள்ளைக்கும் அதே விஷம் ஏறும். நாய்க்கென்று தனியாக மருந்து இருக்கிறது: கழுத்தில் விடும் சொட்டு, குளிப்பாட்டும் மருந்து, மாத்திரை. எந்த மருந்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று கால்நடை மருத்துவர் நாயின் எடையைக் கேட்டுச் சொல்வார். குட்டியாக இருந்தாலும் சினையாக இருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள். நாய் மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், சில மருந்து பூனைக்கு எமன்.

வீட்டைக் கவனியுங்கள்

சுவரில் இருப்பதை விட்டுவிட்டு நாயில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த மாதமும் இதே வேலைதான். நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்து வெயிலில் காய வையுங்கள். நைந்த சாக்கைக் கொளுத்திவிடுங்கள். நாய் படுக்கிற இடத்தைச் சுற்றியுள்ள சுவர் வெடிப்புகளை மண்ணாலோ சிமெண்டாலோ பூசி அடையுங்கள். போகிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அதை வெடிப்பு அடைத்த பிறகு அடித்தால் இரட்டிப்புப் பலன். தறிக்குழியின் உள்சுவரையும் மறக்காதீர்கள். நெசவு செய்கிறவரின் கால் நாள் முழுக்க அங்கேதான் தொங்குகிறது. நாயைக் குழிக்குள் இறங்க விடாமல் ஒரு பலகை வைத்து மூடுங்கள். கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டுத் தட்டினால் என்ன உதிர்கிறது என்று பாருங்கள்.

நாட்டுக்கோழி சில உண்ணிகளைக் கொத்தித் தின்னும். அதை நம்பி இருந்துவிட முடியாது, கோழி சுவர் வெடிப்புக்குள் நுழையாது அல்லவா? இரண்டு மூன்று மாதம் விடாமல் நாயைத் தடவிப் பார்த்து வந்தால்தான் வீட்டில் உள்ள ஒரு தலைமுறை உண்ணி தீரும். தினமும் சோறு வைக்கும்போது காதையும் பாதத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவது சுலபமான வழி. ஒட்டிய உண்ணியை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவுக்கு நோய் ஏறும் வாய்ப்புக் குறையும்.

மனிதரை உண்ணி கடித்தால்

பிள்ளையின் தலைமயிருக்குள், காதின் பின்னால், அக்குளில், இடுப்புக் கயிற்றுக்கு அடியில் உண்ணி ஒட்டியிருந்தால் நாய்க்குச் சொன்ன அதே முறையில் எடுங்கள். சோப்பால் கழுவுங்கள். அன்றைய தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கடித்தது என்பதற்காக மட்டும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். இரண்டு வாரம் கவனித்தால் போதும்.

அந்த இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவந்த புள்ளிகள் தோன்றலாம். நம் கருத்த தோலில் அவை எளிதில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பாருங்கள். அங்கேயும் புள்ளி வருவது இந்தக் காய்ச்சலின் ஒரு அடையாளம். ஆனால் புள்ளி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிலருக்குப் புள்ளி வராமலே நோய் முற்றும். நாள் கடந்தால் மூளை, நுரையீரல், சிறுநீரகம் பாதிக்கும். சில பிள்ளைகளுக்குக் காது மடலும் விரல் நுனியும் கருத்து அழுகிப்போனது உண்டு.

தொடக்கத்தில் இந்தக் காய்ச்சல் டெங்கு போலவும் டைபாய்டு போலவும் இருக்கும். டாக்டர் பார்த்தவுடன் கண்டுபிடிக்க அதற்கென்று முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. அவருக்கு உதவக்கூடியது உங்கள் வாய்ச்சொல்தான். “டாக்டர், எங்க வீட்ல நாய் இருக்கு, உண்ணி நிறைய. போன செவ்வாய்க்கிழமை பையன் காதுக்குப் பின்னாலேர்ந்து ஒண்ணு எடுத்தோம்.” இந்த இரண்டு வரியைச் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வது என்று இருக்காதீர்கள். கூட்டம் நிறைந்த நாளில் கேட்க மறந்துவிடலாம். தகுந்த மருந்து, டாக்ஸிசைக்ளின் என்பது, விலை குறைந்தது, அரசு மருத்துவமனையில் இலவசம். சரியான நேரத்தில் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்குவதைப் பார்க்கலாம். வழக்கமாகக் கடையில் வாங்கிப் போடுகிற மற்ற காய்ச்சல் மாத்திரைகளுக்கு இந்தக் கிருமி அசையாது. மருந்தையும் அளவையும் டாக்டரே முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மருந்து மாறக்கூடும். மாதம் தள்ளிப்போயிருந்து இன்னும் யாரிடமும் சொல்லாதவர்களும் டாக்டரிடமோ நர்ஸம்மாவிடமோ தனியாகச் சொல்லுங்கள்.

உண்ணி எடுக்கும்போது நாய் கடித்துவிட்டாலோ, பல் பட்டுக் கீறினாலோ, “நம்ம நாய்தானே” என்று மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் போட வேண்டும். ஒரு ஊசியைக்கூட விட்டுவிடக்கூடாது. காயம் ஆழமாக இருந்தால் வேறொரு மருந்தும் காயத்திலேயே போடுவார்கள். நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டிருந்தால் அந்தச் சீட்டையும் கொண்டு வாருங்கள். போடாதவர்கள் உண்ணி மருந்து கேட்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போகிற அன்றைக்கே அதையும் போட்டுக்கொண்டு வரலாம், ஒரே நடையில் இரண்டு வேலை முடியும்.